சர்வர் அணைஞ்ச பிறகும் ஓடுற கார்

போன மாசம் ஒரு ராத்திரி, எங்க தெருமுனையில பள்ளம் தோண்டினவங்க இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து வெட்டிட்டாங்க. போன்ல சிக்னல் ஒரே ஒரு கோடு. எடிட் பண்ண வேண்டிய எபிசோட் பாதியில நிக்குது. சரி, இன்னிக்கு வேலை அவ்வளவுதான்னு கன்சோலை ஆன் பண்ணேன்.

முதல்ல ஒரு புது ரேசிங் கேம். பேர் வேண்டாம். லோகோ வந்தது, பாட்டு வந்தது, அப்புறம் "இணைப்பு இல்லை"ன்னு ஒரு பெட்டி. நான் தனியாத்தான் ஓட்டப் போறேன், எதிர்ல யாருமே வேண்டாம், ஆனாலும் உள்ளே விடல. அடுத்து, ‘பர்ன்அவுட் பாரடைஸ்’. 2008-ல் வந்த கேமோட 2018 மறுபதிப்பு. ஒரு கேள்வி கேக்காம திறந்தது. ரெண்டு நிமிஷத்துல எதிர்ல வந்த காரை டிவைடர்ல ஏத்திட்டு இருந்தேன்.

இரண்டுமே காசு கொடுத்து வாங்கினது. ஒண்ணு என்னை வாசல்லயே நிறுத்துது, இன்னொண்ணு உள்ளே கூப்பிடுது. இந்த வித்தியாசம் எப்போ, எப்படி வந்தது? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான். ஒரு கேம் ரிலீஸ் ஆன பிறகு கம்பெனி அதுக்கு என்ன செய்யுது, அந்தக் கவனிப்பு கேமை எப்படி வாழவைக்குது, சில நேரம் அதே கவனிப்பு எப்படி அதோட உயிரை எடுக்குதுன்னு பார்க்கப் போறோம்.

காசு போட்டா அஞ்சு நிமிஷம்

முதல்ல ஆர்கேட் ரேசிங்னா என்ன? நிஜ காரை அப்படியே நகலெடுக்கிறது சிமுலேஷன். டயர் சூடு, பெட்ரோல் எடை எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கும். ஆர்கேட் ரேசிங்குக்கு அந்தக் கவலை கிடையாது. 200 கிலோமீட்டர் வேகத்துல வளைவுக்குள்ள போகலாம், கார் சறுக்கும், அழகா வெளியே வரும். முதல் தடவை உட்காருறவருக்கும் பத்து வினாடியில புரியணும். ஏன்னா இது பிறந்த இடம் காசு போட்டு விளையாடும் மெஷின். புரியலைன்னா அடுத்த காசு விழாது.

1986-ல் சேகா வெளியிட்ட ‘அவுட்ரன்’ இதுக்கு நல்ல உதாரணம். உருவாக்கியவர் யூ சுசுகி. சிவப்பு நிற ஓப்பன் கார், பக்கத்துல ஒரு பெண், கடற்கரை சாலை. கிளம்புறதுக்கு முன்னாடி கார் ரேடியோவுல மூணு பாட்டுல ஒண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்தோட முடிவுலயும் சாலை ரெண்டாப் பிரியும். இடமா வலமா, உங்க இஷ்டம். மொத்தம் 15 கட்டங்கள், 5 முடிவுகள். ஆனா ஒரு ஓட்டத்துல பார்க்க முடிஞ்சது 5 கட்டம்தான். மீதியைப் பார்க்கணும்னா மறுபடி காசு போடணும். அந்த மெஷினுக்கு எந்த அப்டேட்டும் வரல. சாலை பிரிஞ்சு பிரிஞ்சு போனதே அதுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது.

அந்தக் காலத்துல ரிலீசுக்குப் பிறகான கவனிப்புன்னா, கடைக்காரர் கையில இருந்த ஸ்க்ரூடிரைவர்தான். முழு விளையாட்டும் போர்டுல இருந்த சில்லுக்குள்ள இருக்கும். ஸ்டீயரிங் தேஞ்சா மாத்துவார், திரை மங்கினா சரிபண்ணுவார். கம்பெனி மூடினாலும் மெஷின் ஓடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 80-களின் பிற்பகுதியில சேகாவோட சில போர்டுகள்ல புரோகிராமைப் பூட்டி வெச்சிருந்தாங்க, யாரும் நகல் எடுக்கக் கூடாதுன்னு. பூட்டைத் திறக்கிற சாவி ஒரு சின்ன பேட்டரியோட தயவுல நினைவகத்துல உட்கார்ந்திருக்கும். பேட்டரி தீர்ந்தா சாவி அழியும், மெஷின் செத்துப்போகும். சேகரிப்பாளர்கள் அதுக்கு வெச்ச பேரு ‘தற்கொலை பேட்டரி’. பின்னாடி ஆர்வலர்கள் அந்தப் பூட்டுகளை உடைச்சு அந்த போர்டுகளைக் காப்பாத்தினாங்க. இந்தப் பேட்டரியை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவோம்.

டிஸ்க்ல இருக்கிறதுதான் கேம்

அடுத்தது வீட்டுக் காலம். என் தலைமுறையில நிறைய பேருக்கு இது பெரியம்மா வீட்டு கம்ப்யூட்டர்தான். எனக்கும் அப்படித்தான். அண்ணன் ஒரு சிடியைக் கொண்டு வருவான், மேல மார்க்கர்ல ‘என்.எஃப்.எஸ்’னு எழுதியிருக்கும். 2005-ல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்’. அந்த நீலமும் வெள்ளியுமான பி.எம்.டபிள்யூ, பின்னாடி துரத்துற போலீஸ். ஆளுக்கு ஒரு ரேஸ்னு முறை வெச்சு ஆடுவோம். முறை தவறினா சண்டை. அப்டேட்னு ஒண்ணு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. சிடியில என்ன இருந்ததோ அதுதான் கேம். இன்னிக்கும் அந்த சிடி கீறல் விழாம இருந்தா ஓடும்.

ஆனா அதே நேரத்துல வேற ஒரு மாற்றம் நடந்துட்டு இருந்தது. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360, 2006-ல் பிளேஸ்டேஷன் 3. ரெண்டுமே இன்டர்நெட்டோட இணைஞ்சே இருக்கணும்ங்கிற எண்ணத்துல செஞ்ச கன்சோல்கள். கேம் கடைக்குப் போன பிறகும் அதைத் திருத்தலாம், அதுல புதுசா சேர்க்கலாம். இந்த வசதியை வெச்சு என்ன செய்யலாம்னு ஒரு ரேசிங் கேம் முழுசாச் செஞ்சு காட்டியது. அதுதான் பர்ன்அவுட் பாரடைஸ்.

ஒரு வருஷம் வளர்ந்த ஊர்

இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டுன்னு ஒரு ஊர். அங்க இருக்கிற ஸ்டுடியோ பேரு கிரைட்டீரியன். 2001-ல் முதல் பர்ன்அவுட்டைச் செஞ்சவங்க. 2004-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அவங்களை வாங்கியது. பர்ன்அவுட்டோட தத்துவம் ரொம்ப எளிது. ஆபத்தா ஓட்டினா பூஸ்ட் கிடைக்கும். எதிர்த்திசையில போ, மயிரிழையில தப்பு, எதிராளியைச் சுவத்துல மோது. நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூல்ல என்னவெல்லாம் செய்யக் கூடாதுன்னு சொல்றாங்களோ, அத்தனைக்கும் இங்க பரிசு.

2008 ஜனவரியில் வந்த பாரடைஸ், தனித்தனி ரேஸ்களை விட்டுட்டு ஒரு முழு ஊரைக் கொடுத்தது. பேரு பாரடைஸ் சிட்டி. ரேஸ் ஆரம்பிக்க மெனுவுக்குப் போக வேண்டாம். ஏதாவது ஒரு சிக்னல்ல நின்னு, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினா போதும். உடைக்க 400 மஞ்சள் தடுப்புகள், 120 விளம்பரப் பலகைகள், தாவ 50 பெரிய இடங்கள். ஊர்ல இருக்கிற 64 சாலைகளுக்கும் தனித்தனி நேரச் சாதனை. உங்க நண்பர் ஒரு சாலையில உங்களைவிட வேகமா ஓட்டியிருந்தா அவர் பேரு அங்க நிக்கும். அதை மாத்தாம தூக்கம் வராது.

குறையும் இருந்தது. ரேஸ்ல தோத்தா, அதே ரேஸை உடனே மறுபடி தொடங்க வழியில்லை. ஆரம்பிச்ச சிக்னலுக்கு நீங்களே ஓட்டிட்டுத் திரும்பப் போகணும். "ஊர்ல எங்க பார்த்தாலும் ரேஸ் இருக்கே, வேற ஒண்ணை ஆடுங்க"ங்கிறது செஞ்சவங்க நினைப்பு. பழைய பர்ன்அவுட் ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த 2008 முழுக்க கிரைட்டீரியன் இந்த ஊரை விட்டு நகரல. ஜூலையில ‘கேக்னி’ங்கிற ரகசியப் பேர்ல ஒரு பெரிய அப்டேட். நண்பர்களோட சேர்ந்து ஆட புதிய ஆன்லைன் ஆட்டங்கள், 70 புதிய சவால்கள். இலவசம். செப்டம்பர்ல மோட்டார் பைக்குகள். அதுவும் இலவசம். கூடவே பகல்-இரவு மாற்றமும் வந்தது. ஜனவரியில வாங்கின ஊருக்கு செப்டம்பர்லதான் முதல் தடவையா ராத்திரி வந்தது! 2009 பிப்ரவரியில, அந்த ‘மறுபடி தொடங்கு’ வசதியும் வந்து சேர்ந்தது. ரசிகர்கள் ஒரு வருஷமா கேட்டது.

பிறகு காசுக்கும் வித்தாங்க. ஒரே கன்ட்ரோலரைக் கைமாத்தி எட்டு பேர் ஆடுற பார்ட்டி பேக், பிரபலமான சினிமா கார்களை ஞாபகப்படுத்தும் கார்கள், பொம்மை கார்கள், 2009 ஜூன்ல பாலம் கட்டி இணைச்ச ஒரு முழுத் தீவு, பிக் சர்ஃப் ஐலண்ட். முதல்ல நம்பிக்கை, அப்புறம் வியாபாரம்.

ஏன் இலவசமாக் கொடுத்தாங்க? தர்மம் பண்றதுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அப்போ கம்பெனிகளுக்கு இருந்த பெரிய தலைவலி, பழைய டிஸ்க் வியாபாரம். ஒருத்தர் ரெண்டு வாரம் ஆடிட்டு டிஸ்க்கைக் கடையில வித்துடுவார், அதை இன்னொருத்தர் வாங்குவார், ரெண்டாவது விற்பனையில கம்பெனிக்குப் பைசா வராது. மாசாமாசம் புதுசா ஏதாவது வந்துட்டே இருந்தா டிஸ்க்கை யாரும் விக்க மாட்டாங்க.

இன்னொரு வழியிலயும் அந்த ஊர் வெளியுலகத்தோட இணைஞ்சிருந்தது. 2008 அக்டோபர்ல அமெரிக்காவோட 10 மாநிலங்கள்ல எக்ஸ்பாக்ஸ்ல ஆடினவங்க, பாரடைஸ் சிட்டி சாலையோரப் பலகையில பராக் ஒபாமாவோட தேர்தல் விளம்பரத்தைப் பார்த்தாங்க. நிஜமான விளம்பரம், பிரசாரக் குழு காசு கொடுத்துப் போட்டது. கேமுக்குள்ள போஸ்டர் ஒட்டுறதுன்னா நம்ம ஊர் கட்சிக்காரங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல போல.

2018 மார்ச்ல மறுபதிப்பு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன்ல வந்தது, 2020-ல் நின்டெண்டோ ஸ்விட்ச்ல. நடுவுல 2019 ஆகஸ்ட் 1 அன்னிக்கு, பழைய 2008 பதிப்போட சர்வர்களை நிறுத்தினாங்க. பழைய பதிப்புல ஆன்லைன் ஆட்டம் முடிஞ்சது. ஆனா ஊர் அப்படியே இருக்கு. பழைய டிஸ்க்கைப் போட்டா இன்னிக்கும் தனியா ஓட்டலாம். நண்பர்கள் வர மாட்டாங்க, சிக்னல் வேலை செய்யும்.

கார் யாருடையது?

இங்க ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செஞ்சிருக்கு. பர்ன்அவுட்ல வர்ற கார்கள் எதுவும் நிஜக் கம்பெனி கார் இல்ல. முதல்ல கிடைக்கிறது ‘ஹன்டர் கவல்ரி’. அப்படி ஒரு கம்பெனியே உலகத்துல கிடையாது. அதனால பத்து வருஷம் கழிச்சு மறுபதிப்பு போட எந்த கார் கம்பெனி வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்லை.

இதோட அருமை அவுட்ரன் கதையைப் பார்த்தா தெரியும். 1986 மெஷின்ல இருந்தது பார்த்தாலே ஃபெராரின்னு தெரியிற கார், ஆனா அனுமதி வாங்கல. 2003-ல் ‘அவுட்ரன் 2’ முறையா ஃபெராரி அனுமதியோட வந்தது. அந்த வழியில 2009-ல் டவுன்லோடா வந்ததுதான் ‘அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேட்’. ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள அனுமதி காலாவதி ஆச்சு, கேம் கடையிலிருந்து போயிடுச்சு. பிறகு 1986 ஒரிஜினலை நின்டெண்டோ 3டிஎஸ்-க்குக் கொண்டு வந்தப்போ காரோட வடிவத்தையே கொஞ்சம் மாத்திட்டாங்க. சாலை அதே, பாட்டு அதே, கார் மட்டும் வேற.

நிஜக் கார்கள் நிறைஞ்ச கேம்களுக்கு இந்தக் கெடு எப்பவும் உண்டு. 2018-ல் வந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’, வாரத்துக்கு ஒரு பருவம் மாறுற பிரிட்டன், பல வருஷம் தொடர்ந்து வந்த புதுப் போட்டிகள்னு பிரமாதமாக் கவனிக்கப்பட்ட கேம். 2024 டிசம்பர் 15-ல் கடையிலிருந்து எடுத்துட்டாங்க. ஏற்கெனவே வாங்கினவங்க தொடர்ந்து ஆடலாம். புதுசா டிஜிட்டலா வாங்க முடியாது. இது வருத்தம், ஆனா தாங்கக்கூடிய வருத்தம்.

தாங்க முடியாதது அடுத்தது.

காணாமல் போன அமெரிக்கா

2014 டிசம்பர் 2. யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’. பிரான்ஸ்ல லியோன் நகரத்து ஐவரி டவர் ஸ்டுடியோ செஞ்சது. அமெரிக்கா முழுசையும் சுருக்கி ஒரே வரைபடமாக் கொடுத்தாங்க. நியூயார்க்ல கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் நடுவுல எங்கயும் லோடிங் இல்லாம ஓட்டலாம். கவனிப்புலயும் குறை வைக்கல. 2015-ல் ‘வைல்டு ரன்’, 2016-ல் போலீசாக ஓட்டுற ‘காலிங் ஆல் யூனிட்ஸ்’னு ரெண்டு பெரிய விரிவாக்கம்.

ஒரே ஒரு நிபந்தனை. தனியா ஆடினாலும் சர்வரோட இணைஞ்சே இருக்கணும். 2023 டிசம்பர் 14-ல் விற்பனையை நிறுத்தினாங்க. 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைச்சாங்க. சர்வர் கட்டமைப்பும் உரிமங்களும்தான் காரணம்னு சொன்னாங்க. அந்த நாளுக்குப் பிறகு டிஸ்க் வெச்சிருந்தவங்களுக்கும் கேம் இல்ல. நியூயார்க்லயிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் இருந்த அத்தனை சாலையும் ஒரே ராத்திரியில போயிடுச்சு.

பேட்டரி ஞாபகம் இருக்கா? அதே கதைதான். அன்னிக்குப் பூட்டோட சாவி போர்டுக்குள்ள இருந்த பேட்டரியில இருந்தது. இன்னிக்குச் சாவி கம்பெனியோட சர்வர்ல இருக்கு. அன்னிக்குப் பேட்டரி தானாத் தீர்ந்தது. இன்னிக்கு ஒருத்தர் தேதி குறிச்சு அணைக்கிறார்.

இது சும்மா போகல. 2024 ஏப்ரல்ல யூடியூபர் ராஸ் ஸ்காட், தி க்ரூவை முன்னிறுத்தி ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது, சர்வரை என்றைக்கும் ஓட்டுங்கன்னு இல்ல. நிறுத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில விட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்துல குடிமக்கள் மனு போட்டாங்க. குறைந்தது 10 லட்சம் கையெழுத்து வேணும். 2025 ஜூலையில அந்த எண்ணிக்கையைத் தாண்டிட்டாங்க. இன்னொரு பக்கம் கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். டிஜிட்டல் கடையில "வாங்குங்கள்"னு பட்டன் வெச்சா, நீங்க வாங்குறது உரிமம் மட்டும்தான்னு தெளிவாச் சொல்லணும்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அவங்க சார்புல பேசுற ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ அமைப்பு, ரசிகர்களே நடத்துற சர்வர்கள் எல்லா கேமுக்கும் ஒத்துவராது, இப்படிக் கட்டாயப்படுத்தினா கேம் செய்ற செலவு ஏறும்னு சொல்லுது. முழுக்க ஆன்லைன்லயே பிறந்த கேமுக்கு இது ஓரளவு உண்மை. ஆனா தனியா சாலையில கார் ஓட்டுற கேமுக்கு? முடியாத காரியம் இல்லைன்னு யூபிசாஃப்டே காட்டிடுச்சு. எதிர்ப்பு கிளம்பின பிறகு, 2024 செப்டம்பர்ல ‘தி க்ரூ 2’-க்கும் ‘தி க்ரூ மோட்டார்ஃபெஸ்ட்’டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவோம்னு அறிவிச்சாங்க. 2025-ல் க்ரூ 2-க்கு அது வந்தும் விட்டது. அதே வருஷம் முதல் தி க்ரூவை ரசிகர்களே சொந்த சர்வர் எழுதி மறுபடி ஓட வெச்சாங்க. 80-களோட போர்டுப் பூட்டை உடைச்சவங்களோட வாரிசுகள்னு சொல்லலாம்.

எது நல்ல கவனிப்பு?

இத்தனையும் படிச்ச பிறகு எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. ரிலீசுக்குப் பிறகான கவனிப்பை நாம அளக்கிறது எத்தனை சீசன், எத்தனை கார், எத்தனை வருஷம்னுதான். அந்தக் கணக்குல தி க்ரூவும் நல்ல கேம்தான், பத்து வருஷத்துக்குக் கிட்ட ஓடியிருக்கு. ஆனா கவனிப்பு நின்ன மறுநாள் கையில என்ன மிஞ்சுதுன்னும் பார்க்கணும். பர்ன்அவுட்டுக்கு வந்த அப்டேட் ஒவ்வொண்ணும் உங்க கன்சோல்ல வந்து தங்கியது. பைக், ராத்திரி, தீவு எல்லாமே. கம்பெனி விலகின பிறகும் அது உங்களோடது. தி க்ரூவுல சேர்த்த அத்தனையும் அவங்க வீட்டுல இருந்தது, கதவைச் சாத்தினதும் போயிடுச்சு.

ஆர்கேட் ரேசிங் பழசாகாத வகை. நிஜத்தைப் போலச் செய்றவங்களுக்குத்தான் அடுத்த வருஷத்து நிஜம் எதிரி. கார் சறுக்கி வளையிற அந்த சந்தோஷம் 1986-லும் அதேதான், இன்னிக்கும் அதேதான். அப்படிப்பட்ட ஒண்ணு சாகுதுன்னா, அது வயசாகிச் சாகல. யாரோ ஸ்விட்சை அணைச்சதாலதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரக் கடைசியில ஒரு பத்து நிமிஷம் ரூட்டரை அணைச்சுட்டு, நீங்க காசு கொடுத்து வாங்கின கேம்களை ஒண்ணொண்ணாத் திறந்து பாருங்க. எது திறக்குது, எது வாசல்லயே நிறுத்துதுன்னு ஒரு பட்டியல் போடுங்க. நான் போட்டேன். 14-ல் 5 திறக்கல. அடுத்த தடவை ‘வாங்கு’ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்ப்பேன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

உங்க பட்டியலையும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். எங்க தெரு கேபிளை மூணாம் நாள் ஒட்ட வெச்சாங்க. அதுக்குள்ள 120 விளம்பரப் பலகையில 93 உடைச்சிட்டேன். மீதி 27 இருக்கு. வரட்டா?